68-ஐத் தலைகீழாக்கினால் 89

லுட்ஜவியர்,
ஜூன் 7, சனிக்கிழமை.

அன்பு மகள் ஃபென்னாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் அவரவர் காலில் நிற்கிறோம், கூரை ஒழுகவில்லை, உருளைக்கிழங்குச் செடி முழங்கால் உயரம் வந்துவிட்டது. அங்கே நீயும் மாப்பிள்ளையும் வெல்லிங்டன் காற்றில் பறந்துபோகாமல் சுகமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நீ அனுப்பிய முதியோர் இல்ல விண்ணப்பம் வந்து சேர்ந்தது. இருபதாம் தேதி நீ வந்து இறங்கப்போவதையும் அம்மா சொன்னாள். அந்த விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன். அதற்கு முன்னால் உன் கட்டுரையைப் பற்றி நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும், எல்லாம் அங்கேதான் தொடங்கியது என்று இன்று காலை வரைக்கும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

நான் போனில் படிக்கமாட்டேன் என்று தெரிந்து அச்சடித்து உறையில் போட்டு அனுப்பியிருந்தாய், அந்த மட்டும் சந்தோஷம். தலைப்பு 'யாருக்கும் தெரியாத நெதர்லாந்து, கூட்டமில்லாத ஏழு இடங்கள்'. யாருக்குத் தெரியாது என்று கேட்கிறேன். எழுபத்தொரு வருஷமாக இந்த ஊரில் இருக்கிறேன், எனக்குத் தெரியும். உன் அம்மாவுக்குத் தெரியும். தபால்காரனுக்குத் தெரியும், வரி வசூலிக்கிறவனுக்கு ரொம்ப நன்றாகத் தெரியும். ஆம்ஸ்டர்டாமில் ஒருத்தனுக்குத் தெரியவில்லை என்றால் அந்த ஊர் இல்லாமல் போய்விடுமா. அப்பிங்கடாமில் கால்வாய்க்கு மேலே தொங்கும் சமையலறைகளை எழுதியிருக்கிறாய், அழகாம். வீட்டுக்குள் இடம் போதாமல் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டார்கள், பாத்திரம் கழுவின தண்ணீரைக் குனியாமல் கொட்டலாம் என்பதுதான் அதில் உள்ள கலை. தெற்கே தோர்ன் என்று ஒரு ஊரை, வீடெல்லாம் வெள்ளையாக இருக்கிறது என்பதற்காகவே சேர்த்திருக்கிறாய். சுண்ணாம்பு அடிப்பது ஒரு திறமை என்றால் நம் மென்கோவின் மாட்டுக்கொட்டகையையும் சேர்த்திருக்கலாம்.

நாலாவது இடம், கடல்வெள்ளத்துக்குத் தப்ப மண் குவித்த மேட்டில் நிற்கும் நம் ஊர். 'காலம் நின்றுபோன மேடு' என்று எழுதியிருக்கிறாய். காலம் நிற்கவில்லை மகளே, கோயில் கடிகாரம்தான் நாலு பத்தில் நிற்கிறது, பல்சக்கரம் தேய்ந்துவிட்டது, நகராட்சிக்கு மூன்று கடிதம் போட்டாயிற்று. அதற்கு அடுத்த வரியில் 'சொர்க்கம்' என்று வேறு. நீ இந்த மண்ணில் பிறந்தவள்தானா என்று சந்தேகமாக இருந்தது. நம் பக்கத்தில் ஒருத்தன் வாயிலிருந்து வரக்கூடிய மிகப்பெரிய பாராட்டு 'இதைவிட மோசமா இருந்திருக்கலாம்' என்பதுதான். உன் அம்மாவைக் கல்யாணத்தன்று பார்த்து நான் சொன்னதும் அதுதான், அவள் அதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறாள். சொர்க்கமாம்.

சரி, எழுதிவிட்டாய். ஏப்ரல் நடுவிலிருந்து வரத் தொடங்கினார்கள். எல்லாரும் ஜோடி ஜோடியாக ஒரே நிறச் சட்டையில், பேட்டரி சைக்கிளில், தலையில் கவசம் மாட்டிக்கொண்டு. சைக்கிள் ஓட்டக் கவசம் போடுகிற ஆளை இந்த ஊர் அதுவரைக்கும் கண்டதில்லை. மிதிக்காமலே வந்து இறங்கி மூச்சு வாங்குவார்கள். நடு மேட்டில், கோயில் வாசலில் நின்றுகொண்டு ஒருத்தி என்னைக் கேட்டாள், "ஐயா, ஊருக்கு எப்படிப் போகணும்?" நீங்கள் ஊரில்தான் நிற்கிறீர்கள் என்றேன். சுற்றிப் பார்த்துவிட்டுப் புருஷனிடம், "இதுதானாம், பரவால்ல, போட்டோல பெருசா தெரிஞ்சுது" என்றாள். வீடு இருபத்தாறு, கோபுரம் ஒன்று, ஒன்றரை தெரு. இவர்கள் வந்துபோக இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கட்டியிருக்க வேண்டும் போலிருக்கிறது. நகராட்சியிலிருந்து சுற்றுலாவுக்கென்று ஒரு பையன் வந்தான், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு. "உங்க ஊர் ஒரு மறைஞ்சு கிடந்த முத்து தாத்தா" என்றான். மறைத்து வைத்தது யார் தம்பி, கடிகாரத்தை எப்போது ரிப்பேர் செய்வீர்கள் என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டான்.

இதெல்லாம் நான் பொறுத்துக்கொள்ளக்கூடியதுதான். பொறுக்க முடியாதது ஜன்னல். 'இங்கே ஜன்னல்களுக்குத் திரை கிடையாது, மறைக்க எதுவும் இல்லாத மனிதர்கள்' என்று உன் கட்டுரையில் ஒரு வரி இருக்கிறதே, அதைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். நாம் திரை போடுவதில்லை, அது உண்மை. தெருவில் போகிறவன் எட்டிப் பார்க்கமாட்டான் என்பதால்தான் போடுவதில்லை, அதை எழுத நீ மறந்துவிட்டாய். மே மாதம் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கடுகு சூப் குடித்துக்கொண்டிருந்தாள். நவம்பரில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு வாயின் ஒரு பக்கம் இன்னும் முழுசாக மூடவில்லை, கொஞ்சம் வழியும், துடைத்துக்கொள்வாள். ஒருத்தன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குனிந்து நின்று அவளைப் படம் எடுத்தான். அவள் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் துணியால் வாயை மூடிக்கொண்டாள். நான் வெளியே ஓடுவதற்குள் அவன் போய்விட்டான். அன்றைக்குச் சாயங்காலமே ஒரு படுக்கை விரிப்பை எடுத்து ஜன்னலில் ஆணி அடித்து மாட்டினேன். ஐம்பது வருஷத்தில் இந்த வீட்டு ஜன்னல் மூடினது அதுதான் முதல் தடவை. எதிர்வீட்டு மென்கோ யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்து விசாரிக்க வந்தான்.

இனி நான் செய்ததை எழுதுகிறேன், நிதானமாகப் படி. சைக்கிள் பாதை எண்பலகைகளில் இந்தச் சுற்றில் உள்ள பன்னிரண்டைப் பதினொரு வருஷமாக நான்தான் பார்த்துக்கொள்கிறேன் என்பது உனக்குத் தெரியும். சம்பளம் இல்லாத வேலை, ஒரு ஆரஞ்சு சட்டையும் ஒரு ஸ்பானரும் கொடுத்திருக்கிறார்கள். இந்த வெளியூர்க்காரர்களுக்கு ஊர்ப் பெயர் தெரியாது, திசை தெரியாது, சூரியன் எந்தப் பக்கம் இறங்கும் என்பதும் தெரியாது. சந்திக்குச் சந்தி வைத்திருக்கும் எண் மட்டும் தெரியும். வீட்டில் உட்கார்ந்து 23, 41, 68 என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொண்டு, பலகை காட்டின பக்கம் திரும்பித் திரும்பி வந்துவிடுவார்கள். நம் கோயில் வாசல் 68. மேற்கே கடலணை மேட்டில் ஆட்டுப்பட்டி வாசல் 89, அங்கே தனியாகக் கம்பம் கிடையாது. இரண்டுக்கும் பாதை பிரிவது மென்கோவின் நிலத்து முனையில். அங்கே உள்ள கம்பம் பழைய மாடல், அம்புக்குறி கம்பத்தோடு சேர்ந்தது, எண் மட்டும் வட்டத் தகட்டில், நடுவில் ஒரே ஒரு திருகாணி. வலப்பக்க அம்பில் 68, இடப்பக்க அம்பில் 89. இப்போது ஒரு காகிதத்தில் 68 என்று எழுதித் தலைகீழாகத் திருப்பிப் பார்.

பார்த்தாயா. ஆளுக்கு அரைச் சுற்று, அவ்வளவுதான். 68 போய் 89, 89 போய் 68. எதையும் உடைக்கவில்லை, எதையும் கழற்றி எடுத்துப்போகவில்லை, யாராவது கேட்டால் காற்றில் சுற்றிக்கொண்டது என்று சொல்லிவிடலாம். இயேசுவின் விண்ணேற்ற நாள் போன வாரம் வியாழக்கிழமை வந்தது, அன்றைக்கு விடியும் முன்பே பனிப்புல்லை மிதிக்கிறேன் என்று நாடே சைக்கிளில் ஏறிவிடும், அதில் பாதி உன் கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஜன்னலுக்கு வரும். அதனால் புதன்கிழமை சாயங்காலம் போய்த் திருப்பிவிட்டு வந்தேன். எல்லாரும் போய்க் கடலணைக்குக் கீழே மென்கோவின் சாணத் தொட்டியைச் சுற்றி நின்று சொர்க்கத்தை மோந்து பார்க்கட்டும் என்று. வருகிற வழியெல்லாம் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தேன். நாற்பது வருஷம் டிராக்டர் ரிப்பேர் செய்ததில் இவ்வளவு கச்சிதமான வேலை ஒன்றுகூடச் செய்ததில்லை என்று ஒரு திமிர்.

வியாழக்கிழமை காலை ஒரு ஈ காக்காய் வரவில்லை. ஜன்னல் விரிப்பை விலக்கிவிட்டு, காபியை எடுத்துக்கொண்டு வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். பதினோரு மணிக்கு ஒரு காபி, பன்னிரண்டுக்கு இன்னொன்று. இந்த ஊர் இவ்வளவு அழகாக இருந்து பார்த்து ஆறு வாரம் ஆகியிருந்தது. விடுமுறை நாள் என்பதால் அன்றைக்கு வியாழக்கிழமை என்பதே மறந்துபோய்விட்டது எனக்கு. உன் அம்மாவுக்கு மறக்கவில்லை. வியாழக்கிழமை என்றால் ஓல்டர்ஹமில் அவள் தங்கை ரென்ஸ்கே வீடு. ஒன்பது மணிக்கே, நான் தோட்டத்தில் இருந்தபோது, சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நீ போனில் கேட்டிருப்பாய், ஆனால் சரியாகப் புரிந்துகொண்டாயா என்று தெரியாததால் எழுதுகிறேன். பக்கவாதம் அவளிடமிருந்து எடுத்துப்போனது திசையைத்தான். அறுபது வருஷம் போய்வந்த பாதையில் திருப்பத்துக்கு வந்தால் எந்தப் பக்கம் என்று தெரியாது. மற்றதெல்லாம் தெரியும், என் குற்றம் குறை முழுக்க ஞாபகம் இருக்கிறது. வீட்டுக்கு வரும் நர்ஸ்தான் இந்த வழியைச் சொன்னாள். எண்ணை ஒரு சீட்டில் எழுதிக் கைப்பிடியில் ஒட்டிக்கொள்ளுங்கள், கண்ணை நம்பாதீர்கள், எண்ணை மட்டும் நம்புங்கள், அப்படியே ஓட்டலாம், ஆனால் ஒரு தடவை வழி தவறிவிட்டால் சைக்கிளை விட்டுவிட வேண்டும் என்றாள். பிப்ரவரியிலிருந்து ஒரு வியாழன் தவறாமல் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். திரும்பி வரும் சீட்டில் கடைசி எண் 68. அதற்குப் பக்கத்தில் சின்னதாக 'வீடு' என்று எழுதிவைத்திருந்தாள்.

இந்த ஊர்க்காரர்கள் ஒருத்தரும் பலகையைப் பார்ப்பதில்லை, பார்க்கிறவர்கள் வெளியூர்க்காரர்கள் மட்டும்தான் என்று கணக்குப் போட்டுத்தான் தகட்டைத் திருப்பினேன். என் வீட்டிலேயே ஒருத்தி பலகையைப் பார்த்துத்தான் வீட்டுக்கு வருகிறாள் என்பது என் மண்டையில் ஏறவில்லை.

இரண்டு மணிக்கு ரென்ஸ்கே போன் செய்தாள். "ஹில்லி அக்கா வந்து சேந்துட்டாளா மாமா? போன உடனே போன் போடுறேன்னா, போடலையே. பன்னெண்டுக்கே கெளம்பிட்டா." போனை அப்படியே போட்டேன். சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். இப்போது நான் எழுதப்போவதை அம்மாவிடம்கூட இன்னும் சொல்லவில்லை. பாதை பிரியும் இடத்துக்கு வந்ததும், அவள் எங்கே போயிருப்பாள் என்பது தெளிவாகத் தெரிந்திருந்தும், நான் நேராக அணைப் பக்கம் போகவில்லை. சட்டைப் பையிலிருந்து ஸ்பானரை எடுத்து முதலில் இரண்டு தகட்டையும் பழையபடி திருப்பினேன். பெண்டாட்டி எங்கே கிடக்கிறாளோ தெரியாது, நீர்வாய்க்கால் இரண்டு பக்கமும் நிறைந்து ஓடுகிறது, இவன் நின்று திருகாணி முடுக்குகிறான். இந்த ஆறு வாரத்தில் இந்தப் பாதையில் வந்த அத்தனை கவசத் தலையர்களிலும் கேவலமானவன் அங்கே நின்றவன்தான்.

முடுக்கி நிமிர்ந்தால் அணைப் பக்கமிருந்து மூன்று பேர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருகிறார்கள். நடுவில் உன் அம்மா. இரண்டு பக்கமும் ஒரே பச்சைச் சட்டையில் ஒரு ஜோடி, அமர்ஸ்ஃபோர்ட்காரர்கள், பெயர் யோரிஸ், மார்லுஸ். அவர்களும் 68-ஐத் தேடித்தான் அங்கே போயிருக்கிறார்கள். போன இடத்தில் ஆட்டுப்பட்டி வாசலில் புல்லில் ஒரு வயசான அம்மா உட்கார்ந்து, "இது 68-தானேம்மா, என் வீட்டக் காணோம்" என்று கேட்டிருக்கிறாள். "ஆமாம்மா, முனைல இருந்த பலகை 68-ன்னு இந்தப் பக்கந்தான் காட்டுச்சு, எங்களுக்கும் ஊரக் காணோம்" என்று இவர்கள் சொல்ல, மூன்று பேரும் சேர்ந்து ஒரு மணி நேரம் சாணத் தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஊரைத் தேடியிருக்கிறார்கள். மார்லுஸ் தன் மேல்சட்டையைக் கழற்றி அம்மாவுக்குப் போட்டுவிட்டிருந்தாள், கடல் காற்றில் அம்மாவின் கை விறைத்துவிட்டதாம். பிளாஸ்கிலிருந்து காபியும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார்கள்.

அம்மா கம்பத்தைப் பார்த்து நின்றுவிட்டாள். "நான் வரும்போது இது அந்தப் பக்கந்தானே காட்டுச்சு ரெய்ன்ட்?" என்றாள். எண் எப்படி ஹில்லி இடம் மாறும் என்றேன். இவ்வளவு மென்மையாக நான் பேசி நீ கேட்டிருக்கமாட்டாய். அந்த யோரிஸ், "எங்களுக்கும் இடது பக்கம்னு காட்டின மாதிரிதான்..." என்று இழுத்தான். போனைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் அப்படித்தான் தெரியும் என்றேன். பாவம், நகரத்து ஆள், உள்ளூர்க்காரன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று வாயை மூடிக்கொண்டான். அம்மா மட்டும் மெதுவாகச் சொன்னாள். "கோபுரம் வலப்பக்கம் தெரிஞ்சுது. நல்லாத் தெரிஞ்சுது. ஆனா எண்ணத்தான் நம்பணும்னு நர்ஸ் சொல்லிருக்காளே, அதனால கோபுரத்த நான் நம்பல." வீட்டுக்கு வந்ததும் அந்த இரண்டு பேருக்கும் காபியும் ஆளுக்கு ஒரு பிஸ்கட்டும் கொடுத்து டப்பாவை மூடிவிட்டேன். சீக்கிரம் போய்த்தொலையட்டும் என்று இருந்தது. மார்லுஸ் உன் கட்டுரைக் காகிதத்தின் பின்பக்கத்தில் விலாசம் எழுதி அம்மாவிடம் கொடுத்துவிட்டுப் போனாள். போகும்போது யோரிஸ் சொல்கிறான், அந்த அணைக்கு வெளியே உள்ள சேற்றில் அலகு மேல்நோக்கி வளைந்த கறுப்பு வெள்ளைப் பறவைகள் நூற்றுக்கணக்கில் இருந்ததாம், கூட்டமே இல்லையாம், அதுதான் இந்தப் பயணத்திலேயே சிறந்த இடமாம். சாணத் தொட்டியையும் படம் எடுத்திருக்கிறான். இவர்களை வைத்துக்கொண்டு என்ன செய்வது.

அன்றைக்கு அம்மா சைக்கிள் சாவியைக் கொண்டுவந்து என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். "நீயே வச்சுக்க. எண்ணும் போச்சு எனக்கு" என்றாள். நான் வைத்துக்கொண்டேன். மறுநாள் உனக்குப் போன் செய்து அவளே சொன்னாள், நீ விண்ணப்பம் அனுப்பினாய், டிக்கெட் எடுத்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தேன். ஒன்பது நாள் ஃபென்னா. இந்த ஒன்பது நாளும் அவள் எந்த எண்ணைக் கண்டாலும் என்னைக் கூப்பிட்டாள். துணி துவைக்கும் இயந்திரத்தின் முன்னால் நின்று, "இது நாப்பதுதானே?" என்பாள். மாத்திரை டப்பாவைக் காட்டி, "இன்னிக்கு ஏழுதானே?" என்பாள். எல்லாம் சரியாகத்தான் சொன்னாள், ஒன்றுகூடத் தப்பில்லை, நான் ஆமாம் ஆமாம் என்றேன். இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே வந்தேன். வெளியூர்க்காரர்களையும் உன்னையும் திட்டுவதற்கு மட்டும் நேரம் இருந்தது.

இன்றைக்குக் காலையில் அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உன் விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தாள். பிறந்த தேதி, அஞ்சல் குறியீடு, காப்பீட்டு எண், ஒன்பது இலக்கம், எதையும் பார்க்காமல் எழுதினாள். 'இல்லத்தில் சேர விரும்புவதன் காரணம்' என்ற கட்டத்தில் அதே நேரான கையெழுத்தில் 'எண் படிக்கத் தெரியவில்லை' என்று எழுதினாள். எழுதிவிட்டு, எழுத்துப் பிழை இருக்கிறதா என்று என்னைப் பார்க்கச் சொன்னாள். நான் மாடிக்கு வந்து இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். அவளிடம் நேராகச் சொல்ல முடியாமல் பதினெட்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மகளிடம் சொல்கிறேன், அதிலிருந்தே உன் அப்பாவின் வீரம் உனக்குத் தெரிந்திருக்கும்.

கோடு போட்டு இதற்குக் கீழே எழுதுவது சாயங்காலம் நாலு மணிக்கு. மேலே எழுதினதை அப்படியே எடுத்துக்கொண்டு கீழே போனேன். அம்மா உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். எதிரே உட்கார்ந்து முதல் வரியிலிருந்து கடைசி வரி வரைக்கும் படித்துக் காட்டினேன், திருகாணி முடுக்கினதையும் சேர்த்து. அவள் கத்தியை வைக்கவில்லை. நான் முடித்ததும் ஒரு கிழங்கை முழுசாகச் சீவி முடித்தாள். அப்புறம், "அப்ப கோபுரம் வலப்பக்கந்தான் இருந்துச்சு" என்றாள். ஆமாம் என்றேன். "நான் பார்த்தது சரி." ஆமாம் என்றேன். "வாஷிங் மெஷின் முன்னாடி நின்னு ஒம்பது நாள் உன்னக் கேட்டிருக்கேன் நான்." அதற்கும் ஆமாம் என்றேன். "அவங்க வெளிய நின்னு எட்டிப் பாத்தாங்க. நீ உள்ளயே இருந்துக்கிட்டு பாக்கலையேடா கிழவா" என்றாள். அழுதாளா என்று கேட்பாய். அவள் அழவில்லை, நான்தான் அழுதேன். அவள் எழுந்துபோய் ஜன்னல் விரிப்பை ஆணியோடு பிடுங்கி எடுத்து, மடித்து, என் மடியில் போட்டாள், மூக்கைத் துடைக்க அது போதும் என்றாள்.

அதற்குப் பிறகு உத்தரவுகள். விண்ணப்பத்தை நாலாக மடித்துக் காபிப் பாத்திரத்துக்கு அடியில் வைத்துவிட்டாள். சாவியை என் சட்டைப் பையிலிருந்து அவளே எடுத்துக்கொண்டாள். அமர்ஸ்ஃபோர்ட் ஜோடிக்கு நான் என் கையால் கார்டு எழுத வேண்டும், நடந்ததை ஒளிக்காமல், மறுபடி வந்தால் பிஸ்கட் டப்பா மூடப்படாது என்றும் சேர்த்து. திங்கட்கிழமை பெயிண்டை எடுத்துக்கொண்டு பன்னிரண்டு கம்பத்துக்கும் போய், சரியாக நிற்கும் எண்ணின் அடியில் ஒரு கோடு போட வேண்டும், இனிமேல் எவனாவது தலைகீழாக்கினால் கோடு மேலே போய்க் காட்டிக்கொடுத்துவிடும். அவள் முன்னால் சைக்கிளில் போவாளாம், நான் பின்னால் பெயிண்ட் டப்பாவோடு வரவேண்டுமாம். நர்ஸிடம் நடந்ததைச் சொல்வதும் என் வேலை.

ஆகவே மகளே, நீ இருபதாம் தேதி கட்டாயம் வா. டிக்கெட்டை ரத்து செய்யாதே, வருகிற காரணத்தை மட்டும் மாற்றிக்கொள். கட்டுரையைப் பற்றி மேலே எழுதினதில் ஒரு வார்த்தையும் திரும்ப வாங்கமாட்டேன், ஜன்னல் வரியை நீ அடித்துத்தான் ஆகவேண்டும். வரும்போது கம்பளிச் சட்டை எடுத்து வா, இங்கே ஜூன் என்பதெல்லாம் காலண்டரில்தான். நீயும் மாப்பிள்ளையும் நோய் நொடியில்லாமல், ஒருத்தரிடம் ஒருத்தர் ஒன்பது நாள் ஒளிக்காமல், நன்றாக இருக்க வேண்டும்.

உறையில் போடுவதற்கு முன்னால் அம்மா கடிதத்தைக் கேட்டு வாங்கினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, பேனாவால், முதல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு 68-க்கும் ஒவ்வொரு 89-க்கும் அடியில் கோடு போட்டுக்கொண்டே வந்தாள். நீ பார்க்கும் அந்தக் கோடுகள் அவள் போட்டவை. நான் ஒவ்வொரு பக்கமாகச் சரிபார்த்தேன். ஒன்றைக்கூட அவள் விடவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
ரெய்ன்ட்